காற்றடிக்கும் நாளில் ஸ்மோக்கர்

கனடாவின் கால்கரியில் குளிர்காலத்தில் ராக்கி மலைப்பக்கமிருந்து சினூக் என்கிற வெதுவெதுப்பான காற்று இறங்கும் நாளில் பனி உருகும், வெயிலும் அடிக்கும். கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பான ஸ்மோக்கரைப் பற்றவைக்கலாமே என்று கை பரபரக்கும். முதல் தடவை அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். காற்றில் அடுப்பு ஆறிவிடும் என்று பயந்து, கீழே உள்ள மூன்று வென்ட்டையும் (காற்றுத் துவாரம்) முழுசாகத் திறந்துவிட்டேன். 110 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய சூடு முக்கால் மணி நேரத்தில் 170-ஐத் தாண்டியது.

கரி ஸ்மோக்கரில் காற்று இரண்டு வேலை பார்க்கிறது. மெல்லிய இரும்புச் சுவரிலிருந்து சூட்டை வாரிக்கொண்டு போகும். கூடவே கீழ் வென்ட்டில் புகுந்து, விறகடுப்பை ஊதுகுழலால் ஊதுகிற மாதிரி கரியை ஊதித்தள்ளும். பலத்த காற்றில் என் அடுப்பில் ஜெயிப்பது ஊதுகுழல்தான். கரியும் பாதியிலேயே தீர்ந்துவிடும். மின்சார ஸ்மோக்கரில் ஊத நெருப்பு இல்லை, அதனால் சூடு இறங்கத்தான் செய்யும்.

இப்போது வேலிக் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அந்தப் பக்கத்து வென்ட்டை முழுசாக மூடிவிடுவேன். எதிர்ப்பக்கத்து வென்ட்டைக் கால்வாசி திறந்தால் போதும். சூடு 95-ஐத் தொடும்போதே குறைக்க ஆரம்பித்துவிடுங்கள். ஏறியதை இறக்குவது பெரும்பாடு. மேல் வென்ட்டை மட்டும் மூடாதீர்கள். புகை உள்ளேயே தேங்கிக் கறி கசக்கும்.

தடுப்புக்கு நாலடிப் பிளைவுட் பலகை இரண்டைக் கீல் போட்டு ‘ட’ மாதிரி நிறுத்துகிறேன், அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி. அடியில் கனமான கல் வையுங்கள், எனக்கு ஒருமுறை பலகை பறந்தது. காற்றுக்குப் பயந்து கராஜுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், வாசனையே தெரியாது.

மைனஸ் 15 என்றால் தண்ணீர்த் தட்டில் தண்ணீருக்குப் பதில் மணல் போட்டு, மேலே ஃபாயில் சுற்றுவேன். தண்ணீர் ஆவியாகும்போது நிறைய சூட்டைத் தின்றுவிடும். கரியும் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு எடுத்து வைப்பேன். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க, கம்பி வழியாக வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பன்றித் தோள்கறியின் உள்சூடு 70 டிகிரி அருகே வந்ததும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிரவைப்பதுதான் காரணம், அடுப்பில் குறை இல்லை. அப்போது ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி, வீட்டு ஓவனில் 120-இல் வைத்துவிடுவேன். ஏமாற்று வேலை என்பார்கள். சுற்றிய கறிக்குள் புகை எங்கே போகப்போகிறது? உள்ளே 95 வந்ததும் எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பிய்த்தால் சரி.

அப்புறம், சாம்பலை அன்றைக்கே கொட்டாதீர்கள். எல்லா வென்ட்டையும் மூடி மறுநாள் வரை விடுங்கள். பக்கத்து வீட்டு வேலியும் மரம்தான்.