ஃபுல்பிரைட் விண்ணப்பமா? கையெழுத்தில் ஆரம்பியுங்கள்

அமெரிக்க அரசு செலவில் 6 வாரம் அங்கே பயிற்சி பெறும் ஃபுல்பிரைட் டிஇஏ (Teaching Excellence and Achievement) திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பள்ளி ஆசிரியர்கள், விண்ணப்பக் கட்டுரையை அப்புறம் எழுதுங்கள். முதலில் பள்ளி ஒப்புதல் படிவத்தைத் தலைமையாசிரியர் மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.

காரணம் எளிது. கட்டுரை உங்கள் கையில் இருக்கிறது, கையெழுத்து இல்லை. அரசுப் பள்ளி என்றால் விடுப்பும் வெளிநாட்டுப் பயண அனுமதியும் துறை வழியாகத்தான் வரவேண்டும். ஒவ்வொரு அலுவலகத்திலும் கோப்பு சில நாள் தங்கும். அது நகரும்போதே நீங்கள் நிதானமாக எழுதித் திருத்தலாம். நல்ல ஆசிரியர்கள் ஒரு கையெழுத்துக்காக வாய்ப்பை இழப்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதையும் இப்போதே தொடங்குங்கள். அரசு ஊழியர்கள் தடையில்லாச் சான்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. துறைக்கு முன்கூட்டியே தகவல் கடிதம் கொடுத்துவிட்டு, அதன் நகலுடன் விண்ணப்பிக்கலாம். இது பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான், பயண அனுமதி தனி.

நிர்வாகி அன்றே கையெழுத்துப் போடும் தனியார் பள்ளியில் இந்த அவசரம் வேண்டாம், கட்டுரைக்கே நேரம் கொடுங்கள். சென்ற ஆண்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினாலும் பயனில்லை, இந்த ஆண்டு அறிவிப்பு வந்த பிறகே தொடங்குங்கள். முழுநேர உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கான திட்டம் இது, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பொருந்தாது.