மாண்ட்ரேக் செடியை வீட்டுக்குள் வளர்ப்போர் வெப்பநிலையில் செய்யும் தவறுகள்

மண்ணுக்குள் பருத்த வேர் விடும் மாண்ட்ரேக் செடியைத் தென் இங்கிலாந்தில் வீட்டுக்குள் வளர்க்க விரும்பும் நண்பர்களுக்கு நான் விதையும் கன்றும் கொடுத்து வருகிறேன். நாங்கள் தொடக்கக் காலத்தில் எந்தெந்தத் தவறுகளால் செடிகளை இழந்தோமோ, அவற்றையே புதிதாக வருபவர்களும் ஆண்டுதோறும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. துளையில்லாத தொட்டி, வெளிச்சம் எட்டாத மூலை போன்றவற்றைப் பற்றி எந்தத் தோட்டக்கலை நூலும் எச்சரித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தச் செடியைப் பெரும்பாலும் கொல்வது, அதற்கு எப்போது எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதைப் பற்றிய தவறான எண்ணம்தான்.

தக்காளியின் உறவு என்பதால் வெப்பம் கொடுப்பது

மாண்ட்ரேக் என்பது கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதை அறிந்தவுடன் பலர் அதை வீட்டிலேயே மிகவும் கதகதப்பான அறையில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் இதன் தாயகம் மத்தியதரைக் கடலைச் சுற்றிய நிலங்கள். அங்கே இலையுதிர் காலத்து மழைக்குப் பிறகுதான் மண் நனைகிறது; குளிர்காலத்தில் இலைவிட்டுப் பூக்கும் செடி, வெயில் ஏறத் தொடங்கும்போது பழுத்து, கோடையில் மண்ணுக்கு மேலே தடயமே இல்லாமல் காய்ந்துவிடுகிறது. பைபிளின் ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் மகன் ரூபன் வயல்வெளியில் கண்டெடுக்கும் தூதாயீம் கனிகள் மாண்ட்ரேக் பழங்களே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அவன் அவற்றைக் கண்டெடுப்பது கோதுமை அறுப்பு நாட்களில். செடியின் ஆண்டுக் கணக்கு அந்த ஒரு வசனத்திலேயே இருக்கிறது: அறுப்புக் காலத்தில் பழம், அதன் பின் உறக்கம்.

செடி இலையோடு நிற்கும் மாதங்களில் எருசலேமின் வெப்பநிலையை எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் அங்கே பகலில் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ், இரவில் 6 டிகிரி. நம் தொட்டிச் செடிக்கும் பகலில் 8 முதல் 15 டிகிரி வரையும் இரவில் 5 டிகிரி அளவிலும் இருந்தால் இலைகள் தடித்து, கரும்பச்சையாக, மண்ணோடு ஒட்டிப் படர்ந்து வளரும். வெப்பம் 2 டிகிரி வரை இறங்கினாலும் நன்கு வேரூன்றிய செடி தாங்கிக்கொள்ளும். ஆனால் உறைபனியில் தொட்டியின் மண் நாற்புறமும் இறுகிவிடக்கூடும் என்பதால், நிலத்தில் உள்ள செடி தாங்குகிற குளிரைத் தொட்டிச் செடியும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ரேடியேட்டருக்கு மேலே உள்ள ஜன்னல்

இங்குள்ள வீடுகள் பலவற்றில் அறையைச் சூடேற்றும் ரேடியேட்டர் ஜன்னலுக்கு நேர் கீழே பொருத்தப்பட்டிருக்கும். வெளிச்சத்தை நாடி ஜன்னல் மேடையில் வைக்கப்படும் தொட்டிக்குக் கீழிருந்து அனல் ஏறுகிறது. இரவில் திரையை இழுத்து மூடியதும், கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் இலைகள் குளிரில் நிற்க, அடிமண் சூடாகவே இருக்கிறது. சுவரில் மாட்டிய வெப்பமானி 18 டிகிரி காட்டுகிறது என்று சொல்பவர்களிடம், மண்ணில் ஒரு வெப்பமானியை விரல் ஆழத்துக்குச் செருகிப் பார்க்கும்படி நான் சொல்வது இதனால்தான். இப்படிப்பட்ட இடத்தில் இலைக்காம்புகள் நீண்டு வெளிறித் துவளும். உலர்ந்த அனலில் இலையின் அடிப்புறம் சிலந்திப்பேன் பற்றும். வெப்பமூட்டப்படாத முன்கூடம், கண்ணாடி அடைத்த தாழ்வாரம், மாடிப்படி ஜன்னல் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொட்டியைக் குளிர்காலம் முழுவதும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கோடையில் செடி செத்துவிட்டது என்று நினைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். இழப்பும் இதில்தான் மிகப் பெரிது.

மே மாத இறுதியிலோ ஜூனிலோ இலைகளின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கும். அடுத்த சில வாரங்களில் இலைக்கொத்து முழுவதும் தரையில் சாய்ந்து, காகிதம்போல் உலர்ந்து, தொட்டியில் வெறும் மண் மட்டும் தெரியும். இதைப் பார்த்துப் பதறுபவர், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நாள்தோறும் ஊற்றுகிறார், அல்லது சத்து குறைந்துவிட்டது என்று உரம் கரைத்து விடுகிறார், அல்லது வெயில் கிடைக்கட்டும் என்று கண்ணாடி அறைக்கு மாற்றுகிறார். பலர் மூன்றையும் சேர்த்தே செய்கிறார்கள். இலை இல்லாத செடி நீரை ஆவியாக வெளியேற்றுவதில்லை. ஆகவே வேரும் நீரை உறிஞ்சுவதில்லை. ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கி, காற்றை வெளியேற்றி, 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் அழுகல் பூஞ்சைகளுக்கு ஏற்ற இடமாகிவிடுகிறது. மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும் பருத்த வேர் அவற்றுக்கு நல்ல தீனி. மேலே இலை இல்லாததால் உள்ளே நடப்பது எதுவும் வெளியில் தெரிவதில்லை.

விதையிலிருந்து நான் வளர்த்து, ஊதாப் பூக்களும் கண்டிருந்த ஒரு செடியை நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். இலை மஞ்சளானால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள் என்று தெளிவாகச் சொல்லியே கொடுத்தேன். அவரோ, தாம் சரியாகக் கவனிக்காததால்தான் செடி வாடுகிறது என்று எண்ணி, தெற்குப் பார்த்த கண்ணாடி அறையில் அதை வைத்து, கோடை முழுவதும் தட்டில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டார். செப்டம்பரில் அவர் திருப்பிக் கொண்டுவந்த தொட்டியை நான் கவிழ்த்தபோது, வேரின் பழுப்புத் தோல் மட்டும் உருவம் கலையாமல் இருந்தது. பெருவிரலால் தொட்டவுடன் உள்ளிருந்த சதை கூழாகப் பிதுங்கி, அறை முழுவதும் நாற்றம் பரவியது. விதையிலிருந்து பூக்கும் நிலைக்கு வரப் பொதுவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும் செடி இது. அத்தகைய வேரைக் கடையில் வாங்கி ஈடுசெய்ய முடியாது. அந்தச் செடிக்கு எந்த நோயும் இருக்கவில்லை. தன் இயல்புப்படி உறங்கப் போன செடியை அக்கறையின் பெயரால் கொன்றுவிட்டோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சேனைக்கிழங்கின் தண்டு சாய்ந்து காய்ந்ததும் நம் ஊரில் யாரும் அதற்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது என்பது தெரியும். மாண்ட்ரேக்குக்கும் அதே பொறுமை வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இலைகள் மஞ்சளானவுடன் நீரைக் குறைத்து, கடைசி இலை உலர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொட்டியை வெயில் படாத, மழை நனைக்காத, 15 முதல் 22 டிகிரி வரையுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். தாயகத்தில் கோடை இதைவிடக் கடுமையானதாயிற்றே என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே வேர் நிலத்தின் ஆழத்தில், வெயிலின் முழுச் சூடும் எட்டாத இடத்தில் இருக்கிறது. இங்கே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி நேர் வெயிலில் நின்றால் உள்ளிருக்கும் மண் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

முதல் ஆண்டு நாற்றுகளும் கோடையில் இதேபோல் மறைந்துவிடும். வெறும் தொட்டி என்று எண்ணி மண்ணைக் குப்பையில் கொட்டுபவர்கள், மெல்லிய உயிருள்ள வேர்களையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். நாற்றுகளின் வேர் சிறியதென்பதால் அது சுருங்கிவிடாதபடி மாதம் ஒருமுறை தொட்டியின் ஓரமாகச் சிறிதளவு நீர் விடலாம். அதற்கு மேல் வேண்டாம். ஐயம் இருந்தால், வேரின் தலைப்பகுதியில் உள்ள மண்ணை மட்டும் தூரிகையால் விலக்கி, விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, உடனே மூடிவிடுங்கள்.

இரவு வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கிய பிறகு ஒருமுறை நன்றாக நீர் ஊற்றிவிட்டு, துளிர் தெரியும்வரை மண்ணைச் சற்றே ஈரமாக மட்டும் வைத்திருங்கள். சில செடிகள் அக்டோபரிலேயே துளிர்க்கும். சில பிப்ரவரி வரை காக்க வைக்கும். அவசரப்பட்டுக் கதகதப்பான அறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

விதைக்கு வெப்பமூட்டும் பாய்

மிளகாய் விதைக்கு உதவுகிற பாய் இதற்கு உதவாது. ஈர மணலில் கலந்து, ஏறத்தாழ 4 டிகிரியில், குளிர்பதனப் பெட்டியில் சில வாரங்கள் வைத்த பின் விதைத்து, தொட்டியை 10 முதல் 15 டிகிரி உள்ள இடத்தில் வையுங்கள். முளைப்பு ஒரே சீராக இருக்காது என்பதால், முளைக்காத தொட்டியை அடுத்த குளிர்காலம் முடியும்வரை தூக்கி எறியாதீர்கள்.

குளிரோடு காற்றையும் அடைத்துவிடுவது

குளிரும் ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் இலையில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். உறைபனி இல்லாத பகலில் ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் பெயர் எழுதாத விதைப் பொட்டலம்

ஒருபோதும் கூடாது, அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற நஞ்சுகள் உள்ள செடி இது.