டெல்லிக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

டெல்லி என்றதும் எல்லோரும் பார்க்க வேண்டிய இடங்களை உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். செங்கோட்டை, அக்‌ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், ரயில் மியூசியம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அப்படியே ஆக்ராவும் போகலாம் என்றால் தாஜ் மஹால் வெள்ளிக்கிழமை திறக்காது. அதனால் திங்களன்று குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாதம். நம் பிள்ளைகளுக்கு லீவு மே மாதத்தில், அப்போது அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அரையாண்டு லீவில் போனால் குளிரும் பனிமூட்டமும், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். என்னைக் கேட்டால் காலாண்டு லீவுதான் சரி. மழை ஓய்ந்திருக்கும், நவம்பர் புகைமூட்டமும் வந்திருக்காது. மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால் குதுப் மினாருக்கோ ஹுமாயூன் கல்லறைக்கோ காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். மதியத்துக்கு ஏசி உள்ள மியூசியம், சாயங்காலத்துக்கு இந்தியா கேட்டும் அதன் பக்கத்தில் உள்ள தேசியப் போர் நினைவுச் சின்னமும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் போங்கள். காலையில் செங்கோட்டை, மதியம் குதுப், மாலையில் அக்‌ஷர்தாம் என்று ஊரைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தால் பாட்டிக்குக் கால் வீங்கும், குழந்தை அழும், எதுவும் மனசில் நிற்காது. மெட்ரோவிலேயே எல்லா இடத்துக்கும் பக்கம்வரை போய்விடலாம்: செங்கோட்டைக்கு வயலட் லைனில் லால் கிலா ஸ்டேஷன், குதுப்புக்கு மஞ்சள் லைன். முதல் பெட்டி பெண்களுக்கானது, ஆண்கள் ஏறினால் அபராதம். கூட்டத்தில் குடும்பம் பிரிந்துபோக வாய்ப்பு உண்டு என்பதால் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

குதுப் மினாருக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். சுமார் 73 மீட்டர் உயரம், ஆனால் 1981-இல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை. அதனால் பலர் நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே உள்ள பழைய மசூதி முற்றத்துக்குள் போங்கள். அங்குள்ள தூண்கள் பழைய கோயில்களிலிருந்து எடுத்து நிறுத்தியவை. கிட்டே போய்ப் பார்த்தால் சங்கிலியில் மணி தொங்குவது போன்ற செதுக்கல் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும், பிள்ளைகளிடம் யார் அதிக மணி கண்டுபிடிக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும், நகர மாட்டார்கள். நடுவில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது, ஏறக்குறைய 1,600 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். பள்ளிப் பாடத்தில் படித்ததை நேரில் பார்க்கும்போது அவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மூன்றிலும் 15 வயதுக்குள் உள்ளவர்களுக்கு டிக்கெட் இல்லை. பெரியவர்களுக்கு ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம்.

செங்கோட்டைக்கு எதிரே உள்ள பழைய கடைவீதியான சாந்தினி சௌக்கில் சைக்கிள் ரிக்‌ஷா எடுங்கள், ஏறும் முன் மொத்தத் தொகையா, ஆளுக்கு இவ்வளவா என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு வேளையாவது சீக்கியர் கோயிலான பங்களா சாஹிப் குருத்துவாராவுக்குப் போங்கள். தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் யார் என்று கேட்காமல் பந்தியில் உட்கார வைத்து ரொட்டியும் பருப்பும் போடுவார்கள். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும். தாத்தா பாட்டி கோயில் கேட்டால் ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, நம் சுவாமிநாத சுவாமிதான்.

அக்‌ஷர்தாமுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். செல்போன், கேமரா, பை எதையும் உள்ளே விட மாட்டார்கள், முடிந்தவரை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே ஒருவரைத் தவறவிட்டால் கூப்பிட வழியே இல்லை, எனவே நுழைந்ததும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஓர் இடத்தைக் காட்டி, காணாமல் போனால் இங்கே வந்து நில் என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் சட்டைப் பையில் ஹோட்டல் பெயரும் உங்கள் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும்.