கம்பு இலையில் துரு: பூஞ்சைக்குப் பெயர் கண்டுபிடிக்க ஒரு முதல் பாடம்

துரு நோய் என்று நாம் சொல்வது ஒரே பூஞ்சையை இல்லை. புக்சினியேல்ஸ் என்ற வரிசையில் 7000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. காளான் அடங்கும் பெசிடியோமைகோட்டா என்ற பெரும்பிரிவில்தான் இவையும் வருகின்றன. புல், தானியப் பயிர்களில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை புக்சீனியா பேரினத்தைச் சேர்ந்தவை. கம்பை வைத்தே தொடங்கலாம். தொடங்க 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும், நான்காம் படிக்கு மட்டும் நுண்ணோக்கி வேண்டும்.

1. முதலில் செடியின் பெயரை உறுதி செய்யுங்கள். துருப் பூஞ்சை உயிருள்ள திசுவில்தான் வளரும், அதிலும் ஆள் பார்த்துத்தான் ஒட்டும். கம்பில் புக்சீனியா சப்ஸ்ட்ரையேட்டா, சோளத்தில் புக்சீனியா பர்பியூரியா. சோளத்தின் அறிவியல் பெயர் சார்கம் என்பதால், புக்சீனியா சார்கி என்ற பெயரைப் பார்த்துச் சோளத்துக்கு உரியது என்று நினைத்துவிட வேண்டாம், அது மக்காச்சோளத்தின் துரு.

2. அடி இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகளைத் தேடி, விரலால் தேயுங்கள். துரு என்றால் விரலில் தூள் ஒட்டும். சாதாரண இலைப்புள்ளி நோயில் இப்படி ஒட்டாது.

3. லென்ஸில் பாருங்கள். இலையின் மேல்தோல் கிழிந்து, அந்தக் கிழிசலின் நடுவே தூள் குவிந்திருக்கும். அந்தத் தூள்தான் யூரிடோ வித்துகள், அதாவது பூஞ்சை விதைபோல் பரப்பும் நுண்துகள்கள். இவை கம்பிலிருந்து கம்புக்கே காற்றில் பரவி, ஒரே பருவத்தில் பல தலைமுறை காண்பவை. வயல் முழுக்கப் பழுப்பாவதற்கு இவைதான் காரணம்.

4. இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பயிர் முதிரும்போது அதே இலையில் கரும்பழுப்புக் கொப்புளங்கள் வரும். அவற்றைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். தடித்த சுவரும் சிறு காம்பும் உள்ள டீலியோ வித்துகள் தெரியும். ஒவ்வொரு வித்திலும் எத்தனை அறை என்று எண்ணுங்கள். நடுவே குறுக்குச் சுவர் இருந்து இரண்டு அறையானால் புக்சீனியா. ஒரே அறையானால் யூரோமைசஸ் என்ற இன்னொரு துருப் பேரினம். யூரிடோ வித்துகள் எல்லாம் ஒற்றை அறைதான், அதனால் அவற்றை வைத்துப் பேரினத்தை முடிவு செய்யக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்.

5. அப்புறம் பக்கத்தில் கத்தரிச் செடி இருக்கிறதா என்று பாருங்கள். ஆம், கத்தரிதான்! கம்பின் டீலியோ வித்து முளைத்து உண்டாகும் பெசிடியோ வித்துகள் கம்பைத் தொற்றாது, கத்தரி இலையைத்தான் தொற்றும். அங்கே மஞ்சள் புள்ளிகள் வந்து, இலையின் அடிப்பக்கம் குட்டிக் கிண்ணங்கள் திறக்கும். அந்தக் கிண்ணத்து வித்துகள் மறுபடி கம்புக்குத் திரும்பும். இரண்டு குடும்பச் செடிகளில் மாறி மாறி வாழும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான். கோதுமையின் தண்டுத் துரு பார்பெரி புதரில் இப்படி மாறி வாழ்வதை 1865-இல் ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் நிரூபித்தார். மக்காச்சோளத் துருவுக்கு அந்த இரண்டாம் வீடு புளியாரை.

6. மாதிரியைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்துங்கள். உறையின் மேல் செடி, இடம், தேதி, பார்த்த வித்து வகை நான்கையும் எழுதுங்கள். கத்தரி இலை கிடைத்தால் அதைத் தனி உறையில் வையுங்கள், இரண்டும் ஒரே வயலில் எடுத்தவை என்ற குறிப்போடு.