ஸ்டாக் வெரிஃபிகேஷன்: ‘காணோம்’ பட்டியல் சுருங்க வேண்டுமென்றால்

நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு என்றதும் ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ரேக்கில் ஆரம்பித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. இந்த வேலையில் ஸ்கேன் செய்வதுதான் சுலபமான பகுதி. அதற்கு முன்னால் அடுக்கை ஒழுங்குபடுத்துவதிலும், பின்னால், ஸ்கேனில் வராத புத்தகங்களின் ‘காணோம்’ பட்டியலை வைத்துக்கொண்டு தேடுவதிலும்தான் உழைப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் விட்டுவிட்டால், மூன்றாவது ரேக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் புத்தகத்தைத் தொலைந்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவோம்.

செமஸ்டர் விடுமுறையில், இரவல் போனவை பெரும்பாலும் திரும்பி வந்த பிறகு தொடங்குங்கள். எத்தனை நாள் ஆகும் என்று நிர்வாகம் கேட்கும், குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். 90 செ.மீ. தட்டு முக்கால்வாசி நிறைந்திருந்து, புத்தகம் சராசரியாக 2.5 செ.மீ. தடிமன் என்றால் தட்டுக்கு 27 புத்தகம். ஆறு தட்டு ரேக்கில் ஏறத்தாழ 160. ஒரு ரேக்கை நேரம் பார்த்து முழுதாக ஸ்கேன் செய்யுங்கள், அதை மொத்த ரேக்குகளால் பெருக்குங்கள், தேடுவதற்கென்று இன்னொரு அதே அளவு நாளைச் சேருங்கள். பார்கோடு பின்னட்டையில் இல்லாமல் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றையும் திறந்தாக வேண்டும். மாதிரி ரேக்கை அந்தப் பகுதியிலிருந்தே எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

முதல் வேலை, அலையும் புத்தகங்களைக் கூட்டிவருவது. பைண்டிங்குக்குப் போனவை, புதுவரவு அலமாரி, கண்காட்சிப் பெட்டி, துறை நூலகத்துக்கு நீண்டகால இரவலாகக் கொடுத்தவை, திரும்பி வந்து இன்னும் அடுக்காத வண்டி, கேட்டலாக் மேசையில் திருத்தத்துக்காகக் காத்திருப்பவை, வேறு நூலகத்துக்கு அனுப்பியவை. ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல் எடுத்து, அந்த நிலையைக் கணினியிலும் ஏற்றுங்கள். கடைசியில் வரும் ‘காணோம்’ பட்டியலை ஒரே மூச்சில் குறைப்பது இந்த வேலைதான்.

அடுத்தது அடுக்கு வாசிப்பு. தட்டின் இடக்கோடியிலிருந்து ஒவ்வொரு முதுகுச் சீட்டையும் படித்து, இடம் மாறியதைச் சரிசெய்ய வேண்டும். புத்தகங்களைப் பாடவாரியாகப் பிரிக்கும் டியூயி எண்களில் தவறு கிட்டத்தட்ட எப்போதும் புள்ளிக்குப் பின்னால்தான். 005.133-ஐ 005.74-க்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், 133 பெரிய எண் என்று நினைத்து. புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும்: 1 முதலில், 7 பிறகு. அதேபோல 515 என்று மட்டும் இருப்பது 515.35-க்கு முன்னால் வரும். புதிதாகச் சேரும் மாணவப் பணியாளருக்கு இந்த இரண்டு விதியையும் சொல்லிக்கொடுத்து, பத்துப் புத்தகத்தைக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ரேக் பக்கம் விட வேண்டும்.

முதுகுச் சீட்டில் ஆசிரியர் குறியை (ஆசிரியர் பெயரைக் குறிக்கும் எழுத்துகளை) தமிழ் எழுத்தில் போட்டிருக்கும் நூலகங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கணினி யூனிகோடு எண் (ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள எண்) வரிசைப்படி பட்டியலை அடுக்கினால், அது நம் அகரவரிசை அல்ல. யூனிகோடில் ‘ன’ நகரத்துக்கு அடுத்தும், ‘ற’ ரகரத்துக்கு அடுத்தும், ‘ள’, ‘ழ’ இரண்டும் லகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவிலும் வருகின்றன. மெய்யெழுத்தும் அப்படியே: அகராதியில் ‘க்’ முதலில், யூனிகோடில் ‘கௌ’வுக்கும் பிறகு. எனவே அச்செடுத்த பட்டியலோடு ரேக் ஒத்துப்போகவில்லை என்றால் ரேக்கைக் கலைக்காதீர்கள். மென்பொருளில் தமிழ் வரிசையாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பட்டியலைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்கேன் செய்ய இருவர் போதும். ஒருவர் புத்தகத்தைச் சாய்த்துப் பார்கோடு தெரியப் பிடிப்பார், மற்றவர் வாசிப்பார். மணிக்கொருமுறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் குனிந்தே இருப்பவர்தான் முதலில் தவறவிடுவார். சாப்பாட்டுக்கு எழுந்தாலும் தட்டை முடித்துவிட்டு எழுங்கள். முடித்த தட்டின் கடைசிப் புத்தகத்தில் ஒரு வண்ணத் தாளைச் செருகிவையுங்கள்.

கணினிக்கு ஸ்கேனர் என்பது இன்னொரு விசைப்பலகை, அவ்வளவுதான். கோளாறுகளில் பாதி இதை மறப்பதால் வருவது. தமிழ்த் தட்டச்சு ஆன் ஆகி இருந்தால், B10234 என்ற பார்கோடின் முதல் எழுத்து தமிழ் எழுத்தாக விழும். கேப்ஸ் லாக் இருந்தால் பெரிய எழுத்து சிறிய எழுத்தாகலாம். ‘பீப்’ சத்தம் கேட்டது, ஆனால் திரையில் ஒன்றுமில்லை என்றால் கர்சர் வேறு சாளரத்தில் நிற்கிறது. ஸ்கேனர் தன் வேலையைச் செய்துவிட்டது, எண் போய்ச்சேரவில்லை. எல்லா எண்ணும் ஒரே வரியில் சேர்ந்துகொண்டால், வாசித்ததும் ‘என்டர்’ தட்டும் அமைப்பு அணைந்திருக்கிறது. ஸ்கேனரோடு வந்த கையேட்டில் அதற்கான பார்கோடு இருக்கும், அதை ஒருமுறை வாசித்தால் சரியாகிவிடும்.

எண்களை எக்ஸெலில் ஏற்றாதீர்கள். 0012345 என்பதை அது 12345 ஆக்கிவிடும். 14 இலக்க எண்ணை அறிவியல் குறியீடாகக் காட்டும். அந்த வடிவிலேயே உரைக் கோப்பாகச் சேமித்தால் மூல எண் திரும்ப வராது. நோட்பேடு போதும்: வரிக்கு ஒரு எண், ரேக்குக்கு ஒரு கோப்பு, கோப்பின் பெயரில் மாடி, ரேக், பக்கம், தேதி. ஒவ்வொரு ரேக் முடிந்ததும் புத்தகங்களைக் கையால் எண்ணி வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அன்றைக்கே இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் பிழை, மாதக் கடைசியில் இரண்டு நாளைத் தின்னும்.

978 என்று தொடங்கும் வரிகளை மறக்காமல் தேடுங்கள். அது நூலகத்தின் பார்கோடு அல்ல, பதிப்பாளர் பின்னட்டையில் அச்சிட்ட ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக எண். இரண்டு பார்கோடும் அருகருகே இருந்தால் ஸ்கேனர் தப்பான பார்கோடைப் பிடித்துவிடும். அப்படி வந்த புத்தகம் ‘காணோம்’ பட்டியலிலும் ஏறும். விரலால் பதிப்பாளரின் பார்கோடை மூடிக்கொண்டு வாசிப்பதே எளிய வழி.

புத்தகத்தில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையால் வாசிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. கையடக்கக் கருவி இருந்தால் வேகம் கூடும், நம்பிக்கை கூடக் கூடாது. நூலக டேக்குகள் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. உலோகம் அவற்றுக்கு ஆகாது. இரும்பு ரேக்கின் ஓரத்தை ஒட்டி நிற்பவை, பளபளக்கும் உலோகத் தாள் அட்டை கொண்டவை, டேக்கோடு டேக் ஒட்டி நிற்கும் மெல்லிய புத்தகங்கள் வாசிப்பில் விடுபடும். கருவி ‘இல்லை’ என்று சொன்னால் கண்ணால் பார்த்த பிறகே நம்புங்கள்.

கோஹா போன்ற நூலக மென்பொருளில் இன்வென்டரி பகுதியில் கோப்பை ஏற்றி, எந்த இருப்பிடம், எந்த அழைப்பெண்ணிலிருந்து (முதுகுச் சீட்டில் உள்ள எண்) எதுவரை என்று வரம்பைக் குறுக்கி ஒப்பிடுங்கள். வரம்பு தராமல் ஒரு ரேக்கின் கோப்பை மட்டும் ஏற்றினால், மீதி நூலகம் முழுவதையும் அது காணோம் என்று சொல்லும். இரவலில் இருப்பவற்றை விலக்கும் தேர்வைப் போடுங்கள். ஆனால் ஸ்கேன் ஆனதும் தானாகத் திரும்பப் பெறும் வசதியை முதல் சுற்றில் நிறுத்திவையுங்கள். ரேக்கில் இருக்கும் புத்தகம் இன்னும் யாரோ ஒருவர் பெயரில் இரவலாக நின்றால், அவருக்கு அபராதம் ஏறிக்கொண்டிருக்கலாம். அதைத் தனியாகப் பார்த்து, அபராதத்தை நீக்கி, கையால் வரவு வைப்பதுதான் நியாயம்.

இனித் தேடல். முதல் பட்டியல் நீளமாகத்தான் வரும், பதற வேண்டாம். அச்செடுத்து, பட்டியல் தயாரித்தவரிடம் கொடுக்காமல் வேறொருவரிடம் கொடுங்கள். முன்பு தவறவிட்ட அதே கண் மறுபடியும் தவறவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பார்க்க வேண்டிய இடங்கள்: அதே இடத்துக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ள தட்டு, பக்கத்து ரேக்கின் அதே உயரம், தட்டின் பின்புறம். சின்னப் புத்தகம் பெரிய புத்தகங்களுக்குப் பின்னால் நழுவிக் கிடக்கும். சில சமயம் கனமான அட்லஸின் பக்கங்களுக்கு நடுவிலேயே இருக்கும். பிறகு இலக்கங்களை இடம் மாற்றிப் பாருங்கள்: 519-ஐக் காணோமா, 591-க்குப் போங்கள். கையால் எழுதிய சீட்டில் 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும். ஒரே தொடரில் வந்த, ஒரே நிற அட்டை கொண்ட புத்தகங்கள் எங்கே கூட்டமாக இருக்கின்றனவோ அங்கேயும் பாருங்கள்.

ரேக்கில் இல்லாத பல புத்தகங்கள் பதிவில் கிடைக்கும். ஒரே நூலின் இரண்டு பிரதிகளில் பார்கோடு மாறி ஒட்டப்பட்டிருந்தால், முதல் பிரதி தொலைந்தும் இரண்டாவது இரவலிலும் இருப்பதாகக் காட்டலாம். உள்ளே முத்திரையிட்ட வரவு எண்ணையும் (வரவுப் பதிவேட்டில் அந்தப் பிரதிக்குத் தந்த எண்) பார்கோடு எண்ணையும் ஒப்பிட்டால் புதிர் விடுபடும். இரண்டு தொகுதியைச் சேர்த்து ஒரே பைண்டாகக் கட்டியிருந்தால், உள்ளே போன தொகுதியின் பார்கோடு இனி யார் கைக்கும் எட்டாது.

கிடைக்காததை உடனே ‘தொலைந்தது’ ஆக்க வேண்டாம். ‘தேடப்படுகிறது’ என்ற நிலையில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை, அடுத்த செமஸ்டர் முடிவில் ஒருமுறை தேடுங்கள். மூன்றாவது முறையும் இல்லையென்றால் குழுவின் ஒப்புதல் வாங்கி வரவுப் பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, காரணம், ஆணை எண், கையெழுத்து. சிவப்பு மையால் எண்ணை அடிக்கலாம், அழிக்கக் கூடாது. அந்த வரவு எண்ணை வேறு புத்தகத்துக்கும் கொடுக்கக் கூடாது. கணினியிலும் பதிவை நீக்காமல் நிலையை மாற்றுங்கள். நூலின் ஒரே பிரதி அதுவானால் வாசகர் தேடலிலிருந்து மறைத்துவையுங்கள்.

சிதைந்ததால் கழிக்கும் புத்தகங்களில் நூலக முத்திரை இருக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ‘நீக்கப்பட்டது’ என்று குத்தி, பார்கோடைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு வெளியே அனுப்புங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே யாராவது நல்லெண்ணத்தோடு அதைத் திரும்பச் செலுத்தும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள்.