கோடெக்ஸ் அவைக்குப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில், ஆடிப்பட்டத்து மழையை நம்பி விதைக்கப்படும் நிலக்கடலையில் எவ்வளவு பூஞ்சை நச்சு இருந்தால் அதை உலகச் சந்தை ஏற்கும் என்பதைப் பேசித் தீர்மானிக்கும் அவை ஒன்று உண்டு. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-இல் ஏற்படுத்திய கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் ஆணையமே அந்த அவை. அதன் செயலகம் ரோமில் இருக்கிறது. 188 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் உறுப்பினர்கள். இந்தியா 1964 முதல் உறுப்பு நாடு. கோடெக்ஸின் தரங்கள் தாமாக எந்த நாட்டையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் 1995-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது உருவான சுகாதார மற்றும் தாவர நல ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்பில் கோடெக்ஸ் தரங்களையே அடிப்படையாகச் சுட்டுகிறது. அதைவிடக் கடுமையான விதியை ஒரு நாடு வைத்துக்கொள்ள விரும்பினால் அறிவியல் காரணம் காட்ட வேண்டும். ஆகவே கோடெக்ஸ் அவையில் எழுதப்படும் ஓர் எண், அம்மூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கடலை மூட்டையோடு காத்திருக்கும் உழவரின் விலையையும் தொட்டுவிடுகிறது.

இவ்வளவு முக்கியமான அவையில் பங்கேற்கும் திறனை ஒரு நாடு எப்படி வளர்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் விடையே தவறானது. கூட்டத்துக்கு எத்தனை பேரை அனுப்பினோம், எத்தனை கூட்டங்களில் நம் நாட்டின் பெயர்ப்பலகை இருந்தது என்பதை வைத்துப் பங்கேற்பை அளக்கும் பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. 2003 முதல் 2015 வரை செயல்பட்ட முதல் கோடெக்ஸ் அறக்கட்டளை நிதியில் பெரும்பங்கு, வளரும் நாடுகளின் அலுவலர்கள் கூட்டங்களுக்குப் போய்வருவதற்கே செலவாயிற்று. அதனால் பயன் இல்லை என்று சொல்ல முடியாது. முன்பு அவையையே பார்த்திராத நாடுகள் உள்ளே வந்தன. ஆனால் சொந்த ஊரில் ஆய்வுக்கூடமும் தரவும் கலந்தாய்வு அமைப்பும் இல்லாத நாட்டின் பிரதிநிதி அங்கே போய் உட்கார்ந்தாலும் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. 2016-இல் தொடங்கிய இரண்டாவது நிதி, நாட்டுக்குள்ளேயே பல ஆண்டுகள் நடக்கும் திறன்வளர்ப்புத் திட்டங்களுக்கு உதவுவதாக மாற்றி அமைக்கப்பட்டதற்கு இதுவே பின்னணி. சர்வதேச உணவுத் தரங்களில் ஒரு நாட்டின் குரல் அதன் மாவட்டங்களில்தான் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரையில் சொல்லப்படும் தவறுகள் அனைத்தும் இதை மறப்பதிலிருந்து வருபவை.

தரவு இல்லாமல் வாதாடப் போவதே இவற்றுள் மிகப் பெரிய தவறு. உணவில் ஒரு நச்சுப்பொருளுக்கு உச்ச வரம்பு வகுக்கும்போது கோடெக்ஸ் குழு இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. அந்த அளவு மக்களின் உடல்நலத்தைக் காக்குமா என்பது ஒன்று. நல்ல வேளாண் நடைமுறையைப் பின்பற்றியும் அந்த வரம்புக்குள் அடங்காத சரக்கு உலகச் சந்தையில் எவ்வளவு இருக்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கான விடை, உறுப்பு நாடுகள் உலக சுகாதார அமைப்பின் ஜெம்ஸ் உணவுத் தரவுத்தளத்தில் பதிந்த ஆய்வு முடிவுகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. நம் முடிவுகள் அங்கே இல்லையென்றால், வேறு மண்ணிலும் வேறு மழையிலும் விளைந்த கடலையின் எண்களே நம் கடலைக்கும் வரம்பு வகுக்கும்.

கடலையில் பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளடாக்சின் பற்றிய விவாதமே இதற்கு நல்ல சான்று. மேற்கொண்டு பதப்படுத்துவதற்கான நிலக்கடலைக்கு ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்ற வரம்பை கோடெக்ஸ் முன்பே ஏற்றிருந்தது. அப்படியே உண்ணும் கடலைக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் 4 மைக்ரோகிராம் என்ற கடும் வரம்பை வைத்திருந்தது. 15, 10, 8, 4 ஆகிய நான்கு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பணி ஜெக்ஃபா என்ற கூட்டு வல்லுநர் குழுவிடம் தரப்பட்டது. வரம்பை 15-இலிருந்து 4-க்கு இறக்கினாலும் மக்கள் உட்கொள்ளும் நச்சின் அளவு பெரிதாகக் குறையாது, ஆனால் நிராகரிக்கப்படும் சரக்கு ஏறக்குறைய இரு மடங்காகும் என்று 2016-இல் அது கண்டது. அதன் பிறகு கோடெக்ஸ் குழு 10 என்ற வரைவை உடனே முன்னெடுக்காமல் நிறுத்திவைத்தது. கடலையில் அஃப்ளடாக்சினைக் குறைப்பதற்காக 2004-இல் வகுக்கப்பட்ட நடைமுறைத் தொகுப்பை நாடுகள் முதலில் செயல்படுத்திப் புதிய தரவு தரட்டும் என்பது அதன் முடிவு. ஆகவே விளைவிக்கும் நாடுகளுக்கு இங்கே கிடைத்தது காலஅவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த சுற்றில் நம் வாதம் நிற்கும்.

தரவு வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர்களும் அதைச் சேகரிக்கும் முறையில் தவறுகிறார்கள். அஃப்ளடாக்சின் ஒரு குவியலில் சீராகப் பரவி இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புகளுக்கு நடுவே சில பருப்புகளில் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும். அதனால்தான் கோடெக்ஸின் மாதிரி எடுக்கும் திட்டம் சரக்கின் பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த 20 கிலோ மாதிரியைக் கேட்கிறது. மூட்டையின் மேல்வாயிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து நடத்தும் சோதனை எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் நடந்தாலும் அதன் முடிவு நம்பத்தக்கதல்ல. அடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர் சந்தேகத்தின் பேரில் எடுத்த மாதிரிகளின் முடிவுகளையே நாட்டின் பொதுநிலை என்று அனுப்புவதும், மாறாக நல்ல முடிவுகளை மட்டும் பொறுக்கி அனுப்புவதும் ஒரே அளவு கேடானவை. நச்சு தென்படாத மாதிரிகளையும், கருவியால் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு எது என்ற குறிப்பையும் சேர்த்துத்தான் தர வேண்டும். ஆய்வுக்கூடங்களின் தகுதியைச் சரிபார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெறாத ஆய்வுக்கூடத்தின் முடிவை வெளிநாட்டு வல்லுநர் ஒருவர் கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்வதும் கடினம்.

இதற்கெல்லாம் உழவரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதை இப்பகுதியின் பருவம் காட்டுகிறது. மானாவாரிக் கடலை முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்தால், மண்ணிலுள்ள பூஞ்சை காய்க்குள் நுழைவது எளிதாகிறது. பிடுங்கிய பிறகு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காய் சரியாக உலருவதில்லை. உடைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளக்காமல் இருக்க மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இந்த ஆபத்தை இன்னும் கூட்டுகிறது. எந்த ஆண்டு, எந்த வட்டாரம், இறவையா மானாவாரியா, அறுவடையின்போது மழை இருந்ததா என்ற விவரங்கள் இல்லாத ஆய்வு முடிவு ரோமில் வெறும் எண்ணாகவே நிற்கும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேலூர் நகரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பயிரை அறிந்தவர்களும் வேதியியல் ஆய்வை அறிந்தவர்களும் மனித உடலை அறிந்தவர்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இப்படிப்பட்ட ஊரிலிருந்து தேசிய அளவிலான தரவுத் தொகுப்பு எழ முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கெட்ட முடிவுகளை வெளியே சொன்னால் ஏற்றுமதி பாதிக்கும் என்று அஞ்சி அவற்றை அமுக்கிவைப்பதும் பரவலான தவறு. இந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஏற்றுமதியாளர் ஒருவரின் ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தால் அவர் அடையும் நட்டம் சிறியதல்ல. ஆனால் இறக்குமதி செய்யும் நாடு தன் துறைமுகத்தில் எப்படியும் சோதிக்கத்தான் போகிறது. நாம் மறைப்பதால் மறைவது நச்சு அல்ல, நம் தரப்பு நியாயம் மட்டுமே.

காலம் தாழ்த்தி வருவது அடுத்த தவறு. கோடெக்ஸ் தரம் ஒன்று எட்டுப் படிகளைக் கடந்து உருவாகிறது. மூன்றாம் படியில் வரைவு உறுப்பு நாடுகளுக்குச் சுற்றுக்கு விடப்படுகிறது. எட்டாம் படியில் ஆணையம் ஏற்கிறது. இடையில் மின்னஞ்சல் வழியே இயங்கும் பணிக்குழுக்களில்தான் ஒவ்வொரு சொல்லும் எண்ணும் செதுக்கப்படுகின்றன. அந்தப் பணிக்குழுவில் பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்த நாடு, எட்டாம் படியில் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தால் அவையில் அதற்கு மதிப்பு குறைவே. விதி வந்த பிறகு ஓடிச் சரிசெய்வது எவ்வளவு துன்பம் என்பதை வட ஆர்க்காடு வேறொரு தொழிலில் பட்டறிந்திருக்கிறது. 1990 அளவில் தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பென்டாகுளோரோஃபீனாலுக்கும், அதன் பிறகு 1994-இல் சில அசோ சாயங்களுக்கும் ஜெர்மனி தடை விதித்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் மாற்று வேதிப்பொருள் தேடி அலைந்தன. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணை இருந்ததால் அவை மீண்டன. விதி எழுதப்பட்ட இடத்தில் அவர்களுக்குக் குரல் இருக்கவில்லை. கோடெக்ஸில் நமக்கு அந்தக் குரல் உண்டு என்பதே பெரிய வேறுபாடு.

நாட்டுக்குள் நடக்கும் கலந்தாய்வை டெல்லியின் நான்கு சுவருக்குள் முடித்துவிடுவதையும் தவிர்க்க வேண்டும். இந்தியாவின் கோடெக்ஸ் தொடர்பு மையம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தில் இயங்குகிறது. தேசிய கோடெக்ஸ் குழுவும், ஒவ்வொரு கோடெக்ஸ் குழுவுக்கும் இணையாக நிழல் குழுக்களும் உண்டு. அமைப்பு முறையாகவே இருக்கிறது. ஆனால் வரைவு ஆங்கிலத்தில் வந்து, குறுகிய கெடுவில் ஆங்கிலத்திலேயே பதில் கேட்கும்போது, அதிகாரிகளும் பெரிய நிறுவனங்களும் மட்டுமே பதில் எழுதும் நிலை வந்துவிடுகிறது. சிறுதானியங்களை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, சிறுதானியங்களுக்கு உலகத் தரம் வகுக்க வேண்டும் என்ற இந்தியாவின் முன்மொழிவை ஆணையம் ரோமில் ஏற்றது. இந்தியா ஏற்கெனவே 15 வகைச் சிறுதானியங்களுக்குத் தொகுப்புத் தரம் ஒன்றை உள்நாட்டில் வகுத்திருந்தது. ஈரப்பதம் எவ்வளவு, முதிராத மணி எவ்வளவு, வேறு தானியக் கலப்பு எவ்வளவு என்பன போன்ற அளவுகள் அதில் உள்ளன. ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் பழங்குடிக் குடும்பம், பாறையில் உலர்த்திக் கையால் புடைத்த தானியம் இந்த அளவுகளுக்குள் வருமா என்பதை வரைவு நிலையிலேயே யாராவது போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாமே முன்மொழிந்த தரம் நம் மலை உழவரையே சந்தைக்கு வெளியே நிறுத்திவிடக் கூடாது. வரைவின் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு அனுப்புவது பெரிய செலவு பிடிக்கும் வேலையும் அல்ல.

அலுவலரை அடிக்கடி மாற்றுவதும் தீங்கே. ஒரு தரம் முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். கோப்பை அறிந்தவர் இரண்டாம் ஆண்டிலேயே வேறு துறைக்குப் போய்விட்டால், முந்தைய கூட்டத்தில் நாம் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே புதியவருக்குத் தெரியாமல் போகும்.

தனித்து நின்று வாதாடுவதை ஒரு பெருமையாக நினைப்பதும் சரியல்ல. கோடெக்ஸ் பெரும்பாலும் கருத்தொருமிப்பால் முடிவெடுக்கிறது. அது இயலாதபோது வாக்கெடுப்பு நடக்கிறது. விலங்குத் தீவனத்தில் சேர்க்கப்படும் ராக்டோபமைன் மருந்துக்கு இறைச்சியில் வரம்பு வகுக்கும் தீர்மானம் 2012-இல் 69-க்கு 67 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஒரு சிறிய நாட்டின் வாக்கும் பெரிய நாட்டின் வாக்கும் அங்கே ஒன்றுதான். மேற்சொன்ன சிறுதானிய முயற்சியில் மாலி, நைஜீரியா, செனகல் ஆகிய ஆப்பிரிக்க நாடுகள் இந்தியாவுடன் இணைத்தலைமை ஏற்றன. நறுமணப் பொருள்களுக்கான கோடெக்ஸ் குழுவை 2014 முதல் இந்தியாவே நடத்திவருகிறது. 2024 தொடக்கத்தில் கொச்சியில் கூடிய அக்குழு ஏலக்காய், மஞ்சள் உள்ளிட்டவற்றின் தரங்களை இறுதி செய்தது. கூட்டத்துக்கு வெகு முன்பே, ஒரே பயிரை விளைவிக்கும் நாடுகளோடு பேசி ஒத்த நிலைப்பாட்டுக்கு வந்திருப்பதே இத்தகைய பணிகளை முன்னகர்த்துகிறது.

கடைசியாக நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது, தரம் என்பதே ஏற்றுமதிக்குரியது என்று எண்ணும் தவறைப் பற்றி. ஏற்றுமதிக்குத் தேறாத கடலை எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி உள்ளூர்ச் செக்குக்குப் போகிறது. எண்ணெய் பிழிந்தபின் நச்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்குகிறது. புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அது அஃப்ளடாக்சின் எம்1 ஆக வெளிவருகிறது. பாலில் இதற்கான கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். 2019-இல் வெளியான தேசியப் பால் ஆய்வில் சோதிக்கப்பட்ட 6,432 மாதிரிகளில் 368 மாதிரிகள் வரம்பைத் தாண்டின. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறு இருந்தன. வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு மாதிரிகள் தாண்டவில்லை. ஆகவே நிலக்கடலைக்கான ஆய்வுக்கூடத்தைத் துறைமுகத்தில் மட்டும் அமைத்தால் போதாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், எண்ணெய்ச் செக்கு, தீவனக் கடை, பால் கூட்டுறவுச் சங்கம் ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே முறையில் மாதிரி எடுத்து, ஒரே ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை உள்ளூர்க் குழந்தைகளின் பாலைக் காக்கவும் ஜெம்ஸ் தரவுத்தளத்துக்கு அனுப்பவும் சேர்த்தே பயன்படுத்தும் ஏற்பாட்டை வரும் ஐப்பசி அறுவடைக்கு முன் ஏதாவது ஒரு மாவட்டத்திலாவது தொடங்கிவிடலாம்.