ஒட்டுப் போர்வையின் ஓரம் நைந்துவிட்டதா? புதுப் பட்டி தைக்கலாம் வாங்க

எங்கள் வீட்டில் அம்மா தைத்த ஒட்டுப் போர்வை ஒன்று இருக்கிறது. ஏழு சுங்குடிச் சேலைகளின் நல்ல பகுதிகளை வெட்டி இணைத்து, நடுவில் அப்பாவின் பழைய வேட்டிகளை வைத்துத் தைத்தது. போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது எடுத்து விரித்துப் பார்த்தேன். நடுப்பகுதிக்கு ஒரு குறையும் இல்லை. ஓரம் மட்டும் நாலு இடத்தில் வாய் பிளந்து, வேட்டி நூல் பிசிறு பிசிறாகத் தொங்கியது.

ஏன் சரியாக நாலு இடம் என்று யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. மடித்துப் போட்டால் சீக்கிரம் காயாது என்று, ஓரத்தை மட்டும் கழியோடு சேர்த்துப் பெரிய கிளிப் நாலு மாட்டி, போர்வையைத் தொங்கவிடுவது என் வழக்கம். தண்ணீர் குடித்த போர்வையின் கனம் முழுவதையும் அந்த நாலு இடங்கள்தான் இத்தனை வருடம் தாங்கியிருக்கின்றன. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் கழியில் துணி காயப்போடும் பலரும் இதைத்தான் செய்கிறோம். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும், இந்த வேலையைச் செய்துவிடலாம். தையல் மெஷின் இருந்தால் ஒரு பாதி சீக்கிரம் முடியும். இல்லாவிட்டாலும் முடியும்.

முதலில் சேதத்தைப் பாருங்கள்

போர்வையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நல்ல வெளிச்சத்தில் ஓரம் முழுவதும் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நைவு விரலுக்குத் தெரியும். துணி தாள் மாதிரி மெலிந்திருக்கும், அல்லது உள்ளே காலியாக இருக்கும். அந்த இடத்தில் எல்லாம் ஒரு ஊக்கைக் குத்தி அடையாளம் வையுங்கள்.

தையல் மட்டும் விட்டிருந்தால், அதே நிற நூலில் மறுபடி தைத்தால் சரியாகிவிடும், இந்தக் கட்டுரையே வேண்டாம். ஓரப் பட்டி (ஓரத்தை மூடித் தைத்திருக்கும் துணிப் பட்டை) கிழிந்து உள்ளே எல்லாம் நன்றாக இருந்தால், பட்டியைப் பிரித்துவிட்டுப் புதியது போடலாம். உள்ளே இருக்கும் பஞ்சோ துணியோ வெளியே வந்திருந்தால், முதலில் அதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கிழிசல் என்றால் அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பட்டி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் ஒரே வயதுடைய பட்டி ஓரிடத்தில் நைந்தால் மற்ற இடங்களும் பின்னாலேயே வரும். சுற்றிலும் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் அனுபவம்.

துவைத்துவிட்டுத் தைக்கலாமா? சாயம் போகாத பருத்தி என்றால் தாராளமாக. சந்தேகமாக இருந்தால், வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு துண்டின் மேலும் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரில் முக்காதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்குச் சாங்கி நினைவுக்கு வரும். 1942இல் ஜப்பானியர்களால் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் மூன்று ஒட்டுப் போர்வைகள் செய்தார்கள். எத்தல் மல்வனி என்ற கனடாப் பெண்மணியின் யோசனை அது. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானிய வீரர்களுக்கென்று தரப்புக்கு ஒன்று. ஆஸ்திரேலிய வீரர்களுக்கான போர்வையின் பின்பக்கத்தில் அந்தப் பெண்கள் எழுதிவைத்த வாசகத்தின் கடைசி வரி, இந்தப் போர்வையை உலர்சலவை (டிரை கிளீனிங்) செய்வது நல்லது என்பது. சிறைக்குள் இருந்துகொண்டு, என்றைக்கோ யாரோ துவைக்கப்போகும் துணியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

என்ன வாங்க வேண்டும்

நெருக்கமாக நெய்த, நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி. பாத்திக் துணி இதற்கு மிகவும் பொருத்தம். சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மேல்மாடியிலும் அராப் ஸ்திரீட்டிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்காது. வாங்கியதும் ஒரு தடவை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கட்டும்.

பருத்தி நூல், குண்டூசி, இன்ச் டேப், நீளமான அளவுகோல், தையல் சாக், கூர்மையான கத்தரி, தையல் பிரிக்கும் சின்னக் கொக்கி. ஊசி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த ஊசி அழகான சின்னத் தையலுக்கு இடம் கொடுக்காது.

துணிக் கணக்கு

புதிதாகத் தைப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், ஆகவே ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். போர்வை 60 இன்ச் அகலம், 80 இன்ச் நீளம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 280 இன்ச். மூலைகளுக்கும் முடிக்கும் இடத்துக்கும் 12 இன்ச் கூட்டினால் 292.

கடையில் வாங்கும் துணி பெரும்பாலும் 44 இன்ச் அகலம் இருக்கும். இரண்டு பக்கக் கரையையும் வெட்டினால் 42 தேறும். 292ஐ 42ஆல் வகுத்தால் 7 பட்டி போதும் என்று வரும். போதாது! பட்டிகளைச் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் பட்டியின் அகலமளவு, அதாவது 2.5 இன்ச் போய்விடும். 7 பட்டியில் 6 இணைப்பு, 15 இன்ச் நஷ்டம். மீதி 279 இன்ச்தான். கடைசி மூலையில் வந்து நிற்கும்போது பட்டி தீர்ந்துபோயிருக்கும். 8 பட்டியாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 2.5 இன்ச் அகலம் என்றால் மொத்தம் 20 இன்ச் துணி. 60 சென்டிமீட்டர் வாங்கினால் வெட்டும்போது கோணினாலும் சமாளிக்கலாம்.

நேராக வெட்டுவதா, கிராஸாக, அதாவது சாய்வாக வெட்டுவதா? தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் எனக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அக்கா, நேர் துணியில ஒரே நூல்தான் மடிப்பு நெடுக ஓடும். அந்த ஒரு நூல் தேய்ஞ்சா ஓரமே பிளந்துக்கும். கிராஸ்ல வெட்டினா நூல் எல்லாம் மடிப்பைக் குறுக்கே தாண்டிப் போகும். ஒண்ணு போனாலும் பக்கத்து நூல் பிடிச்சுக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். தினமும் புழங்கும் போர்வைக்கு 45 பாகையில் கிராஸாக வெட்டிய பட்டி நீண்ட நாள் உழைக்கும். வளைந்த ஓரம் என்றால் கிராஸ் கட்டாயம். ஆனால் அதற்குத் துணி கூடுதலாக வேண்டும், வெட்டும்போது இழுபடும். முதல் முறை செய்கிறவர்கள் நேராகவே வெட்டுங்கள்.

கிழிசலை அடைப்பது

பழைய பட்டியைப் பிரித்த பிறகு உள்ளே பாருங்கள். பஞ்சு போன இடத்தில் அதே கனத்துக்குப் புதிய பஞ்சோ பழைய வேட்டித் துண்டோ வெட்டி வைத்து, அக்கம்பக்கத்தோடு நீளமான தையலாகப் பிணைத்துவிடுங்கள். இறுக்க வேண்டாம், விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் முட்டிக்கொண்டு நின்றால் போதும். அதன் மேல் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு இன்ச் பெரிதாக வெட்டி, ஓரத்தைக் கால் இன்ச் உள்ளே மடித்துச் சின்னத் தையலாகத் தையுங்கள். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) துண்டுத் துணிகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். துண்டுத் துணிக்கு மலாயில் பெர்ச்சா என்று பெயர். அம்மாவின் போர்வைக்கான நாலு ஒட்டும் அந்த டின்னிலிருந்துதான் வந்தன.

பிறகு போர்வையின் ஓரத்திலிருந்து அரைக்கால் (1/8) இன்ச் உள்ளே, சுற்றிலும் ஒரு ஓட்டுத் தையல் போடுங்கள். மேல் துணி, நடுப் பஞ்சு, அடித் துணி என்ற மூன்று அடுக்கும் நகராமல் நிற்கும். இதைத் தவிர்க்கவே கூடாது.

பட்டியைத் தயார் செய்வது

இரண்டு பட்டிகளின் நுனிகளை நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். மூலைக்கு மூலை சாக்கால் கோடு போட்டு அதன் மேல் தைத்து, கால் இன்ச் விட்டு மீதியை வெட்டுங்கள். தையல் மடிப்பை விரித்து இஸ்திரி போடுங்கள். சாய்வாக இணைப்பதால் தடிமன் ஓரிடத்தில் குவியாது.

எல்லாம் இணைந்ததும் தொடக்க நுனியை 45 பாகையில் வெட்டி, அரை இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். அப்புறம் பட்டி முழுவதையும் நீளவாக்கில் இரண்டாக மடித்து, நல்ல பக்கம் வெளியே தெரிய, இஸ்திரி போடுங்கள். இப்போது 1.25 இன்ச் அகலமுள்ள இரட்டைப் பட்டி கையில் இருக்கும். ஓரத்தில் இரண்டு அடுக்குத் துணி வருவதால்தான் இந்த முறை இவ்வளவு நாள் தாங்குகிறது.

போர்வையில் பொருத்துவது

மூலையில் தொடங்காதீர்கள். ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். பட்டியின் பிசிறு ஓரமும் போர்வையின் ஓரமும் ஒன்றாக இருக்க, போர்வையின் மேல்பக்கத்தில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். தொடக்க நுனியில் நாலு இன்ச் தைக்காமல் விட்டு, ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே தைத்துக்கொண்டு போங்கள். பட்டியை இழுத்துத் தைக்காதீர்கள். இழுத்தால் ஓரம் சுருங்கிக்கொள்ளும். போர்வையை இழுத்தால் ஓரம் அலை அலையாக வரும்.

இனி மூலை. மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போது நிறுத்தி, இரண்டு தையல் பின்னால் போட்டு நூலை வெட்டுங்கள். அடுத்த பக்கம் உங்களுக்கு நேராக வரும்படி போர்வையைத் திருப்புங்கள். பட்டியை அடுத்த பக்கத்தின் ஓரத்துக்கு நேர்க்கோட்டில் மேலே தூக்கி மடியுங்கள். மூலையில் ஒரு சாய்வு மடிப்பு விழும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பட்டியைக் கீழே இறக்குங்கள். இறக்கும்போது மேலே ஒரு நேர் மடிப்பு வரும். அது இப்போது தைத்து முடித்த ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அங்கிருந்தே அடுத்த பக்கத்தைத் தைக்கத் தொடங்குங்கள்.

படிக்கும்போது குழப்பமாக இருக்கும். பழைய தமிழ் முரசு தாளில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, ஒரு அட்டையின் மூலையில் வைத்து இரண்டு முறை மடித்துப் பாருங்கள். கை பிடித்துக்கொள்ளும்.

சுற்றி வந்ததும், பட்டியின் கடைசி நுனியைத் தொடக்க நுனிக்குள் ஒரு இன்ச் போகுமளவு விட்டு வெட்டி, உள்ளே செருகி, விட்டுவைத்த இடத்தைத் தைத்து மூடுங்கள்.

பின்பக்கத்தில் கைத்தையல்

பட்டியைப் பின்பக்கம் திருப்பி, முன்னால் போட்ட தையல் கோடு மறையும்படி இழுத்து, கிளிப்போ குண்டூசியோ வையுங்கள். ஒரே நேரத்தில் ஒரு அடி தூரத்துக்கு மட்டும் வைத்தால் போதும், கை கிழியாது.

நூல் முழங்கை அளவு, சுமார் 18 இன்ச். ஒற்றை நூல். முடிச்சைப் பட்டிக்கு அடியில் ஒளித்துத் தொடங்குங்கள். ஊசி அடித் துணியில் இரண்டு மூன்று நூலை மட்டும் எடுத்து, நேர் மேலே பட்டியின் மடிப்பில் ஏறி, அடுத்த அரைக்கால் இன்ச்சில் மறுபடி இறங்க வேண்டும். ஊசி முன்பக்கம் வரை போய்விடக் கூடாது. நடுவில் இருக்கும் பஞ்சை அது தொடுவது இடது கை விரலுக்குத் தெரியும், அங்கேயே திருப்புங்கள். மூலை வந்ததும் ஒரு பக்கப் பட்டியை முழுவதும் மடித்து, அதன் மேல் அடுத்த பக்கத்தை மடித்தால், சாய்வு மடிப்பு தானாக அமையும். அந்த மடிப்பின் மேலும் மூன்று நாலு தையல் போட்டுவிடுங்கள்.

மெஷினிலேயே முடித்துவிடலாம்தான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் நான் கையால்தான் தைப்பேன். இன்ச்சுக்கு 8 தையல் வீதம் 280 இன்ச்சுக்கு 2,240 தையல்; ஒன்று அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். தினமும் இரவு சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

அம்மாவின் போர்வையில் ஒரு விஷயம் மட்டும் மாற்றிச் செய்தேன். அவர் தனிப் பட்டி வைக்கவில்லை. அடித் துணியையே முன்னால் கொண்டுவந்து மடித்து, சிவப்பு நூலில் தைத்திருந்தார். அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டியை 3 இன்ச் அகலமாக வெட்டி, பழைய ஓரத்தின் மேலேயே போர்த்தித் தைத்துவிட்டேன். ஒரு மூலையில் அவருடைய சிவப்புத் தையல் புதுப் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிகிறது.

இப்போது காயப்போடும்போது இரண்டு கழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, போர்வையை இரண்டின் மேலும் விரித்துப் போடுகிறேன். நடுவில் காற்று போகிறது, கனமும் பரவிவிடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் பஞ்சு வைத்த போர்வை மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். மூலைகளை அழுத்திப் பார்த்துக் குளிர்ச்சி தட்டினால் அன்றைக்கு அலமாரியில் வைக்காதீர்கள், இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள்.